எஃகின் மேல் வளரும் கண்ணாடி

எண்ணெய்ச் சோதனைக்கூடம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், சோதனை முடிந்து வெளியே எடுத்த எஃகு உருண்டைகளைத் துடைத்து அளப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஹெக்ஸேனில் நனைத்த பஞ்சால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, உருண்டையை நுண்ணோக்கியின் அடியில் பொருத்தி, தேய்ந்த தழும்பின் விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்து நோட்டில் எழுத வேண்டும். சில உருண்டைகளில் தழும்பு வெள்ளி போலப் பளபளத்தது. வேறு சிலவற்றில் அதன்மேல் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு கறை, ஈரச் சாலையில் சிந்திய டீசலைப் போல நிறம் மாறி மாறித் தெரிந்தது. கறை இருந்தால் அளவு பிசகிவிடுமோ என்று அஞ்சிப் பஞ்சை மாற்றி மாற்றித் தேய்த்தேன். அது அசையவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூத்த தொழில்நுட்பர், "அது அழுக்கு இல்லீங்க தம்பி, விட்டுருங்க. அது அங்க உக்காந்திருக்கிறதுனாலதான் தழும்பு இத்துனூண்டா இருக்குது," என்றார்.

அந்தக் கறையைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆயில் நல்லதா கெட்டதா என்று பார்க்க அதை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பது கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் இன்றும் உள்ள பழக்கம். விரல் உணர்வது எண்ணெயின் பிசுப்பை மட்டுமே. எஃகும் எஃகும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இயந்திரத்தைக் காப்பாற்றுவதோ, அந்த எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்திருக்கும், பட்டறையில் 'அடிட்டிவ்' என்று சொல்லப்படும் சேர்பொருள். அது விரலுக்குத் தெரியாது. உராயும்போதுதான், எஃகோடு வினைபுரிந்துதான், அது தன் வேலையைத் தொடங்குகிறது.

நாங்கள் செய்த சோதனைக்கு 'ஃபோர் பால் டெஸ்ட்' என்று பெயர். 1933இல் போர்லாகே என்பவர் விவரித்த இந்தக் கருவி, ஏறக்குறைய அதே வடிவில் இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 12.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்று பேரிங் உருண்டைகளை, நம் ஊரில் இ.என். 31 என்று சொல்லப்படும் குரோமிய எஃகால் ஆனவை, ஒரு கிண்ணத்தில் அசையாமல் இறுக்கி எண்ணெயை ஊற்றுவோம். அவற்றின் நடுக்குழியில் நான்காவது உருண்டை மேலிருந்து அமர்ந்து சுழலும். தேய்மானச் சோதனை என்றால் 40 கிலோ சுமை, நிமிடத்துக்கு 1200 சுற்று, 75 பாகை செல்சியஸ், ஒரு மணி நேரம். கேட்பதற்கு எளிய ஏற்பாடுதான். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் ஒவ்வொரு தொடுபுள்ளியின் நடுவிலும் அழுத்தம் 3.4 கிகாபாஸ்கல் வருகிறது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 35 டன். அந்த அழுத்தத்தின் கீழ், மேல் உருண்டை ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் வழுக்கிச் செல்கிறது.

எஃகு சிறிதும் தேயாமல் மீள்தன்மையால் மட்டும் அமுங்கினாலும் தொடுபரப்பின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் இருக்கும். சேர்பொருள் இல்லாத வெறும் எண்ணெயில் தழும்பு 0.8 மில்லிமீட்டரை ஒட்டி வந்ததையும், தேய்மானத் தடுப்புச் சேர்பொருள் கலந்த எண்ணெயில் 0.4ஐ ஒட்டி நின்றதையும் என் நோட்டில் பலமுறை எழுதியிருக்கிறேன். பாதியாகக் குறைந்திருக்கிறது என்றே முதலில் நினைத்துக்கொண்டேன். உருண்டையிலிருந்து சீவப்பட்ட எஃகின் கனஅளவு தழும்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது என்று தெரிந்த பிறகே, விட்டம் பாதியானால் இழந்த உலோகம் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிறது என்பது புரிந்தது. கண்ணுக்குக் கறையாக மட்டும் தெரிந்த ஒன்று செய்த வேலை அவ்வளவு.

எண்ணெயே போதாதா, எதற்குச் சேர்பொருள் என்ற கேள்விக்கு விடை வேகத்தில் இருக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902இல் வெளியிட்ட பேரிங் சோதனைகள் காட்டியபடி, வேகமும் பிசுப்பும் போதுமான அளவு இருந்தால் எண்ணெய் ஓர் ஆப்பு போல இரு பரப்புகளுக்கும் நடுவே இழுபட்டு அவற்றைப் பிரித்துவிடும். வேகம் குறைந்து சுமை கூடும்போது அந்தப் படலம் மெலிகிறது. நன்றாக அரைத்து முடித்த பல்சக்கரத்தின் முகத்தில்கூட மைக்ரோமீட்டரின் சில பத்தில் ஒரு பங்கு உயரத்துக்கு மேடுபள்ளங்கள் உண்டு. படலத்தின் தடிமனும் அதே அளவுக்கு இறங்கும்போது மேடுகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கும். இயந்திரத்தைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும், நிறுத்தும் ஒவ்வொரு முறையும், எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் மூக்கு, தான் தள்ளும் டாப்பெட்டின் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கிறது. வெறும் எஃகும் எஃகும் உரசினால் உராய்வின் அளவைச் சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு 0.6ஐத் தாண்டும், மேடுகள் ஒட்டிப் பற்றவைத்துக்கொண்டு பிய்ந்து வரும்.

மேடுகள் உரசும் இந்த நிலையில் எண்ணெயின் பிசுப்பைவிட அதன் மூலக்கூறு எப்படிப்பட்டது என்பதே முக்கியம் என்பதை வில்லியம் ஹார்டியும் ஐடா டபுள்டேயும் 1922இல் காட்டினார்கள். கொழுப்பு அமிலத்தின் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். நீண்ட வால் வெளிப்பக்கமாக நிமிர்ந்து நிற்கும். நாற்று நட்ட வயலைப் போல ஒரே வரிசையாக நிற்கும் இந்த மூலக்கூறுகளின் உயரம் இரண்டரை நானோமீட்டர்தான் என்றாலும், எதிரெதிரான இரு பரப்புகளின் வால்களும் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்கும். மசகு என்ற சொல்லே நம்மிடம் மாட்டுவண்டி அச்சுக்கு இடும் மையைக் குறித்து வந்த சொல். அந்த அச்சுக்கு ஆமணக்கெண்ணெயைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆமணக்கின் கொழுப்பு மூலக்கூறில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால் அது உலோகத்தை இன்னும் நன்றாகப் பற்றிக்கொள்கிறது. சேர்பொருளை உள்ளேயே வைத்துப் பிறந்த எண்ணெய் என்று அதை நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால், கொழுப்பு அமிலங்களின் பிடி வெப்பத்தில் தளர்ந்துவிடும். சூடு ஏற ஏற மூலக்கூறுகள் பரப்பைவிட்டுக் கழன்று எண்ணெய்க்குள் திரும்பிவிடுவதால், இன்றைய எஞ்சினின் கேமுக்கு அவை மட்டும் போதாது.

கழலாமல் நிற்கும் படலத்தைத் தந்த பொருளின் முழுப்பெயர் துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட். தொழிலில் எல்லோரும் இசட்டிடிபி என்றே சொல்வார்கள். துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் ஒரே மூலக்கூறில் இருக்கின்றன. 1940களில் இது எஞ்சின் எண்ணெய்க்குள் வந்தது தேய்மானத்தைத் தடுப்பதற்காக இல்லை; எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கவே அதைக் கலந்தார்கள். கேம்களும் டாப்பெட்டுகளும் தேயாமல் தப்பிப்பது இதனால்தான் என்பது அதற்குப் பிறகே புலப்பட்டது. இத்தனை பத்தாண்டுகள் கடந்தும், இதே விலையில் இதைவிடச் சிறந்த மாற்று இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

உராயும் இடத்தில் இசட்டிடிபி சிதைந்து, எஃகின் மேல் திட்டுத் திட்டாக ஒரு பாஸ்பேட் கண்ணாடியை வளர்க்கிறது. கண்ணாடி என்பதை உவமையாகச் சொல்லவில்லை. படிக ஒழுங்கு இல்லாத துத்தநாகப் பாஸ்பேட் உண்மையிலேயே ஒரு கண்ணாடிதான். தடிமன் 50 முதல் 150 நானோமீட்டர் வரை. மேற்பகுதியில் நீண்ட பாஸ்பேட் சங்கிலிகளும், எஃகை நெருங்க நெருங்கக் குறுகிய சங்கிலிகளோடு இரும்பும் கந்தகமும் கலந்த அடுக்கும் இருக்கும். நான் பார்த்த நீலமும் பழுப்பும் இந்தத் தடிமனால் வந்தவை: ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுள்ள படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. நிறத்தைப் பார்த்தே தடிமனை ஓரளவு ஊகிக்க முடியும்.

படலம் வளர வெறும் வெப்பம் போதும் என்றால், எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும் எல்லா எஃகின் மேலும் அது ஒரே சீராக வளர்ந்திருக்க வேண்டும். அப்படி வளர்வதில்லை. உராயும் தடத்தில் மட்டும், அதிலும் சுமை தாங்கும் மேடுகளின் மேல் மட்டும், வெப்பத்தால் மட்டும் சிதைவதற்குத் தேவையானதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே அது வளர்ந்துவிடுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அணுவிசை நுண்ணோக்கியின் நுண்முனையையே ஒற்றை மேடாகப் பயன்படுத்தி எண்ணெய்க்குள் உரசிப் பார்த்தபோது, அழுத்தம் கூடக் கூடப் படலம் வளரும் வேகம் படிக்குறி முறையில், அதாவது மடங்கு மடங்காக, பெருகியதைக் கண்டார்கள். அதற்கடுத்த ஆண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருவர், உலோகம் உலோகத்தைத் தொடாமல் பிசுப்பான எண்ணெய் மட்டுமே நடுவில் வெட்டு விசையை, அதாவது பக்கவாட்டில் இழுக்கும் விசையைக் கடத்தும் நிலையிலும் படலம் வளர்வதைக் காட்டினார்கள். விசை மூலக்கூறின் பிணைப்புகளை இழுத்துப் பலவீனப்படுத்திச் சிதைவை விரைவாக்குகிறது என்பதே இதன் பொருள். எந்த மேடு அதிகம் அடிபடுகிறதோ அந்த மேட்டின் மேல்தான் காப்பும் விரைவாக வளர்கிறது. தேவைப்படும் இடத்தைத் தானே தேடிச் செல்லும் இந்தக் குணத்தை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு வியப்பு குறையவில்லை.

ஒரு நாள் அந்த மூத்தவரே எனக்கு ஒரு செயலைச் செய்து காட்டினார். கறை படிந்த உருண்டையின் தழும்பின் மேல், நீரில் கரைத்த ஈடிடிஏ உப்பின் ஒரு துளியை ஊசிமுனையால் வைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துத் துடைக்கச் சொன்னார். ஹெக்ஸேனுக்கும் பஞ்சுக்கும் அசையாத கறை, துளி பட்ட வட்டத்தில் மட்டும் சுத்தமாக மறைந்திருந்தது. துத்தநாகத்தையும் இரும்பையும் ஈடிடிஏ பற்றி இழுத்துக்கொள்வதால் பாஸ்பேட் கரைந்துவிடுகிறது. அடியில் தெரிந்த எஃகில், உருண்டையை முதலில் மெருகேற்றியபோது விழுந்த மெல்லிய கீறல்கள் ஆங்காங்கே அழியாமல் இருந்தன. ஒன்றரைக் கிலோமீட்டர் உரசலுக்குப் பிறகும் ஆலையில் போட்ட கீறல் மிஞ்சியிருந்தது என்றால், அந்த இடத்தில் பெரும்பாலான நேரம் உராய்ந்தது எஃகு இல்லை, அதன்மேல் இருந்த கண்ணாடி.

இவ்வளவு சிறப்புள்ள படலம் உராய்வையும் குறைத்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உராய்வும் தேய்மானமும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்ற எண்ணம் பொறியியல் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது; அதை மறுப்பதற்காகவும்தான் இந்தக் கட்டுரையை எழுத விரும்பினேன். இசட்டிடிபி படலம் திட்டுத் திட்டாக, கரடாக வளர்கிறது. அது எண்ணெய் இழுபட்டு உள்ளே வருவதற்குத் தடையாக இருப்பதால், வெறும் எண்ணெயாக இருந்தால் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கியிருக்கும் வேகத்திலும் பரப்புகள் உரசிக்கொண்டே இருக்கின்றன. தேய்மானம் பலமடங்கு குறைந்த அதே சோதனையில் உராய்வு கூடியிருப்பதை வரைபடத்தில் முதன்முறை பார்த்தபோது கருவியில் கோளாறு என்றே நினைத்தேன்.

உராய்வைக் குறைக்க வேறொரு சேர்பொருள் வேண்டும். மாலிப்டினம் டைதயோகார்பமேட் என்ற சேர்மம் உராய்வில் சிதைந்து, மேடுகளின் உச்சியில் மாலிப்டினம் டைசல்பைடின் மிக மெல்லிய ஏடுகளை உருவாக்குகிறது. சீட்டுக்கட்டைப் போல ஏட்டின் மேல் ஏடு வழுக்குவதால், 0.12ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்த உராய்வுக் கெழு திடீரென்று 0.05 அளவுக்கு இறங்கிவிடும். திடீரென்று என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். போதிய வெப்பமும் உரசலும் கிடைக்கும்வரை எதுவுமே நடக்காதது போலத் தோன்றி, பிறகு சில நிமிடங்களுக்குள் கோடு பள்ளத்தில் விழுவதைப் போல விழும். இந்த ஏடுகளுக்கு இசட்டிடிபி தரும் அடித்தளம் உதவுகிறது. எண்ணெய் பழையதாகி ஆக்சிஜனேற்றம் அடையும்போது முதலில் காணாமல் போவதும் இந்தப் பயன்தான்.

உராய்வு குறைவது எல்லா இடத்திலும் நன்மையும் இல்லை. நம் ஊர் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச் தட்டுகளுக்கும் ஒரே எண்ணெய்தான். கிளட்ச் பிடிக்க வேண்டுமானால் உராய்வு வேண்டும். காருக்கென்று விற்கும், உராய்வைக் குறைக்கும் சேர்பொருள் கலந்த எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் நழுவத் தொடங்கும். டப்பாவின் மேல் ஜாசோ எம்ஏ என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகவே.

கடையில் தனியாக விற்கும் அடிட்டிவ் புட்டிகளைப் பற்றி நண்பர்கள் கேட்கும்போது வேண்டாம் என்றே சொல்கிறேன். எஃகின் பரப்பில் இருக்கும் இடம் அளவானது. அதைப் பிடிக்க எண்ணெயில் உள்ள எல்லாச் சேர்பொருள்களும் போட்டியிடுகின்றன. கசடைக் கரைத்து வைக்கும் சேர்பொருள் இசட்டிடிபியைத் தன்னோடு கட்டி வைத்துக்கொள்ளும். கொழுப்பு வகைச் சேர்பொருள் அதற்கு முன்பே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க் கலவையை வடிவமைத்தவர் பல சோதனைகளில் தேடிக் கண்ட சமநிலையை ஒரு புட்டி குலைத்துவிட முடியும். இசட்டிடிபியை மட்டும் கூட்டினாலும் சிக்கல் உண்டு. பாஸ்பரஸ் புகையோடு சென்று புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியின் பரப்பை மூடிவிடுவதால், 2004இல் வந்த ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-4 தரவரையறை பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்கு மிகாமல் நிறுத்தியது. பேரிங்கிலும் பல்சக்கரத்திலும் இன்னொரு வினோதம் நடக்கிறது. புதிய பரப்பின் மேடுகள் முதல் சில மணி நேரத்தில் சற்றே தேய்ந்து மழுங்க வேண்டும். படலம் மிக விரைவாக வளர்ந்து அந்தத் தொடக்கத் தேய்மானத்தையும் தடுத்துவிட்டால், கூரான மேடுகள் எதிர்ப்பரப்பை மீண்டும் மீண்டும் குத்தி, உலோகக் களைப்பால் நுண்குழிகள் விழுகின்றன. தேய்மானத்தை அளவுக்கு மீறித் தடுத்ததால் வந்த சேதம் அது.

வேதியியல் எந்த உலோகத்தோடு நடக்கிறது என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொந்தத் தவறால் கற்றேன். ஒரு தொழிற்சாலையில், திருகு போன்ற தண்டு (வார்ம்) பல்சக்கரத்தைச் சுழற்றும் வார்ம் கியர் பெட்டிக்கு எண்ணெய் பரிந்துரைக்கச் சொன்னார்கள். எஃகுக் கியர்களுக்காகச் செய்த, மிகை அழுத்தம் தாங்கும் ஈ.பி. எண்ணெயின் முடிவுகள் என் கையில் இருந்தன. சுமையைப் படிப்படியாக ஏற்றிப் பத்துப் பத்து விநாடி ஓட்டும் சோதனையில், வெறும் எண்ணெயில் உருண்டைகள் 160 கிலோவிலேயே ஒன்றோடொன்று பற்றிக்கொள்ள, இது 315 கிலோவையும் தாங்கியிருந்தது. அதிலுள்ள வீரியமான கந்தகம், மேடுகள் மோதிச் சூடாகும் நொடியில் எஃகோடு சேர்ந்து இரும்புச் சல்பைடு ஆகி, பற்றவைப்பைத் தடுக்கிறது. அதையே எழுதிக் கொடுத்தேன். சில மாதங்களில் அழைப்பு வந்தது. பெட்டியைத் திறந்தபோது எஃகு வார்ம் கண்ணாடி போல இருந்தது. அதனோடு கடித்து ஓடும் வெண்கலச் சக்கரமோ கறுத்து, பற்களின் முகம் சொறி பிடித்தது போலக் கிடந்தது. எஃகைக் காத்த அதே கந்தகம் சூட்டில் வெண்கலத்திலுள்ள செம்பை அரித்துத் தின்றிருந்தது. கறுத்த பல்லை விரலால் தடவியபடி அங்கிருந்த ஃபோர்மேன், "எண்ணெய் நல்லாத்தானுங்க இருந்துச்சு, கையில தொட்டுப் பாத்தேனே," என்றபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வெண்கலத்தைத் தொடாத எண்ணெயை மாற்றிக் கொடுத்தோம். சக்கரத்தைப் புதிதாகத்தான் வார்க்க வேண்டியிருந்தது.

அண்மையில் நான் அதிக நேரம் செலவிடுவது டீசல் எஞ்சினிலிருந்து வடித்தெடுத்த பழைய எண்ணெயோடு. அதில் புகைக்கரி மிதக்கிறது. கரி வெறும் தூசியாக இருந்திருந்தால், நல்ல படலம் உள்ள எண்ணெயில் கரியால் வரும் தேய்மானம் குறைவாக இருக்க வேண்டும். சோதனையில் தலைகீழாக நடக்கிறது: சில நிலைகளில், கரியோடு இசட்டிடிபியும் இருக்கும் எண்ணெய், கரி மட்டும் இருக்கும் எண்ணெயைவிட அதிகமாக எஃகைத் தேய்க்கிறது. படலத்தின் அடி அடுக்கு எஃகிடமிருந்து இரும்பை வாங்கித்தான் உருவாகிறது. வழக்கமான எண்ணெயில் அந்தக் கடன் ஒருமுறை கொடுப்பதோடு முடிந்து, மேலே கண்ணாடி வளர்ந்து நிலைத்துவிடும். கரித்துகள் அந்த இளம் படலத்தை வளர வளரச் சுரண்டிச் சென்றால், வெறுமையான எஃகு மீண்டும் வினைபுரிந்து மீண்டும் இரும்பைக் கொடுக்கிறது. ஒவ்வொரு சுரண்டலோடும் சிறிது இரும்பு எண்ணெய்க்குள் போய்விடுகிறது.

இப்போது என் மேசையின் மேல் அப்படியொரு உருண்டை இருக்கிறது. நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் நீலமும் இல்லை, பழுப்பும் இல்லை. தழும்பு முழுவதும் வெள்ளி போலப் பளபளக்கிறது, உழுத நிலம் போல ஒரே திசையில் ஓடும் ஆழமான கோடுகளோடு. ஈடிடிஏ துளியை வைத்துப் பார்த்தேன். கரைவதற்கு அங்கே எதுவும் மிச்சம் இல்லை.